சிட்டாவும் சிற்றாறும்

தென்காசி வட்டத்தின் எந்த வருவாய் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் நிலங்கள் இரண்டு கணக்குகளில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று ‘அ’ பதிவேடு. அது புல எண் வரிசையில் போகும். ஒவ்வொரு புலத்துக்கும் உட்பிரிவு என்ன, நன்செயா புன்செயா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, எந்தப் பட்டாவில் சேர்ந்தது, பட்டாதாரர் யார் என்பதையெல்லாம் சொல்லும். மற்றொன்று சிட்டா. அது பட்டா எண் வரிசையில் போகும். ஒரு பட்டாவைப் பிரித்தால் அந்தப் பட்டாதாரருக்கு அந்த ஊரில் எந்தெந்தப் புலத்தில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பது மொத்தமாகக் கிடைக்கும்.

இரண்டிலும் இருப்பது ஒரே செய்திதான்: இந்தப் புலம் இன்னாருக்கு உரியது. கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதால்தான் இரண்டு கணக்கு. வரப்புத் தகராறு என்றால் ‘இந்த இடம் யாருடையது?’ என்று கேட்பார்கள். கடனுக்கோ பாகப்பிரிவினைக்கோ போனால் ‘இவருக்கு எங்கெல்லாம் நிலம் இருக்கிறது?’ என்று கேட்பார்கள். காகிதத்தை ஏதாவது ஒரு வரிசையில்தான் கட்ட முடியும். அதனால் ஒரே செய்தியை இரண்டு வரிசையில் இரண்டு முறை எழுதிவைத்தார்கள்.

நிலம் கைமாறிப் பட்டா மாறுதல் ஆனால் இரண்டு கணக்கையும் திருத்த வேண்டும். 1980 வரை கர்ணமும் அதன்பின் கிராம நிர்வாக அலுவலரும் இந்த வேலையைச் செய்தார்கள். ஒன்றில் திருத்தி மற்றதில் விட்டுவிட்டால், ஒரே புலத்துக்கு இரண்டு பேர் உரிமையாளராக நிற்பார்கள். ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளை வரவழைத்துச் சரிபார்ப்பது இதற்காகவும்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு செய்தி இரண்டு இடத்தில் இருந்தால் என்றாவது ஒருநாள் அவை முரண்படும் என்பதை வருவாய்த் துறை அறிந்திருந்தது.

தரவுத்தளங்களின் வரலாற்றிலும் இதே சிக்கல்தான் முதலில் வந்து நின்றது. 1960களில் சார்லஸ் பாக்மன் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஐடிஎஸ் என்ற அமைப்பை உருவாக்கினார். ஐபிஎம், அப்போலோ விண்வெளித் திட்டத்தின் உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க ஐஎம்எஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. இவற்றில் ஒரு பதிவு அடுத்த பதிவின் இருப்பிடத்தைச் சுட்டிக் காட்டும். புரோகிராமர் அந்தச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நடந்துபோக வேண்டும். 1973-ல் டூரிங் விருது பெற்றபோது பாக்மன் நிகழ்த்திய உரையின் தலைப்பிலேயே புரோகிராமரை மாலுமி என்றார். தரவுக் கடலில் வழி தெரிந்து ஓட்டிச் செல்பவர் என்ற பெருமிதம் அதில் இருந்தது.

வழி தெரிந்தவருக்கு அது சரி. தெரியாதவருக்கு? ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் என்ற கணிதவியலாளர் 1970-ல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டது. அவர் எடுத்த உதாரணம் உதிரிபாகங்களும் திட்டங்களும். திட்டத்தின் கீழ் பாகங்களை அடுக்கலாம்; பாகத்தின் கீழ் திட்டங்களை அடுக்கலாம். இப்படி ஐந்து வகை அடுக்குகளைக் காட்டி, ஓர் அடுக்குக்கு எழுதிய புரோகிராம் இன்னோர் அடுக்கில் உடைந்துபோகும் என்று நிறுவினார். பாகங்களுக்குப் பதில் புலங்களையும் திட்டங்களுக்குப் பதில் பட்டாக்களையும் வைத்துப் பாருங்கள். ‘அ’ பதிவேடும் சிட்டாவும் அப்படியே வந்துவிடும்.

காட் சொன்ன தீர்வு இது. அடுக்கு எதுவும் வேண்டாம். தரவை வெறும் அட்டவணைகளாக வையுங்கள். நம் கிராமத்துக்கு நான்கு அட்டவணைகள் போதும். நிலம் என்ற அட்டவணையில் புல எண், உட்பிரிவு, வகை, பரப்பு, தீர்வை, பட்டா எண். பட்டா என்ற அட்டவணையில் பட்டா எண், அது வழங்கப்பட்ட நாள். பட்டாதாரர் என்ற அட்டவணையில் அவருக்கென ஓர் எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர். நான்காவது அட்டவணை கூட்டுப் பட்டாவுக்காக. அண்ணன் தம்பி நான்கு பேர் ஒரே பட்டாவில் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குத் தனிப் பட்டாவும் இருக்கும். யார் எந்தப் பட்டாவில் என்பதை மட்டும் ஒரு வரிக்கு ஒரு ஜோடியாக அந்த அட்டவணை எழுதிவைக்கும்.

இங்கே ஒரு வரி இன்னொரு வரியைச் சுட்டுவதே இல்லை. 214/3ஏ என்ற நிலத்தின் வரியில் பட்டா எண் 512 என்று எழுதியிருந்தால் அது வெறும் 512 என்ற மதிப்புதான். பட்டா அட்டவணையில் 512 எங்கே இருக்கிறது, வட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்ற தகவல் அதில் கிடையாது. இரண்டு அட்டவணைகளிலும் 512 என்று இருக்கும் வரிகளைக் கேள்வி வரும் நேரத்தில் பொருத்திக்கொள்கிறோம். புரோகிராமர்கள் ஜாயின் என்று சொல்வது இதைத்தான். பொருத்துவது மதிப்பை வைத்து என்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் பொருத்தலாம். புலத்திலிருந்து ஆளுக்குப் போகலாம், ஆளிலிருந்து புலத்துக்கும் போகலாம். செய்தி இருப்பது ஒரே இடத்தில்.

தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் பட்டா, சிட்டா விவரம் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்கும். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்த பிறகு பட்டா எண்ணை வைத்தும் தேடலாம், புல எண்ணை வைத்தும் தேடலாம். அந்தச் சின்னத் தெரிவுக்குப் பின்னால் இரண்டு தடித்த பதிவேடுகளின் வேலை அடங்கியிருக்கிறது.

வழியை யாராவது கண்டுபிடித்தாக வேண்டுமே என்று கேட்பீர்கள். கண்டுபிடிப்பது மென்பொருள். 1974-ல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் முன்வைத்து, பின்னர் எஸ்க்யூஎல் என்று பெயர் பெற்ற மொழியில் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்வோம். எந்த அட்டவணையை முதலில் படிப்பது, எந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவது என்பதைத் தரவுத்தளமே கணக்குப் போட்டு முடிவு செய்யும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை ஐபிஎம்மின் பெட்ரீஷியா செலிங்கரும் கூட்டாளிகளும் 1979-ல் எழுதினார்கள். இன்றைய தரவுத்தளங்களின் திட்டமிடும் பகுதிகள் பலவும் அந்தக் கட்டுரையின் வழிவந்தவைதான்.

பட்டா மாறுதல் பாதியில் நின்றுபோகும் பிரச்சினைக்கும் இந்த மரபிலேயே விடை கிடைத்தது. பழைய உரிமையாளரை நீக்கிய பிறகு, புதியவரைச் சேர்க்கும் முன் மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும்? சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய சி. மோகனும் அவருடைய குழுவினரும் 1992-ல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறை இதற்கானது. எந்த மாற்றமும் வட்டில் ஏறுமுன் அதைப் பற்றிய குறிப்பு ஒரு பதிவில் ஏறிவிட வேண்டும். இயந்திரம் மீண்டு எழும்போது அந்தப் பதிவைப் படித்து, முடிந்ததை நிலைநிறுத்தி, முடியாததைப் பின்னோக்கி அழிக்க வேண்டும். உலகின் பெரிய தரவுத்தளங்கள் பலவற்றுக்குள் இந்த முறையோ இதன் தழுவலோ ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் மோகனின் பெயரை இன்னும் அதிகம் சொல்ல வேண்டும்.

மதிப்பை வைத்துப் பொருத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மதிப்பு மாறிவிட்டால்? தென்காசிக்காரர்கள் இதை 2019-ல் நேரில் பார்த்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து, தென்காசி தமிழ்நாட்டின் 33-வது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சிவகிரி, சங்கரன்கோவில், திருவேங்கடம், வீரகேரளம்புதூர், ஆலங்குளம் என எட்டு வட்டங்கள் புது மாவட்டத்துக்கு வந்தன.

ஒழுங்காக வடிவமைத்த தரவுத்தளத்தில் இதற்கு எட்டு வரிகளைத் தொட்டால் போதும். நிலம் கிராமத்தைச் சொல்லும், கிராமம் வட்டத்தைச் சொல்லும், வட்டம் மாவட்டத்தைச் சொல்லும். வட்டங்களின் அட்டவணையில் எட்டு இடங்களில் மாவட்ட எண்ணை மாற்றினால் கீழே உள்ள லட்சக்கணக்கான நில வரிகள் அசையாமல் புது மாவட்டத்துக்குள் வந்துவிடும். தேடலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வரியிலும் ‘திருநெல்வேலி’ என்று எழுதிவைத்திருந்தால், லட்சக்கணக்கான இடங்களில் திருத்த வேண்டியிருக்கும். அடையாள எண்ணுக்குள்ளேயே மாவட்டக் குறியீட்டைப் பொதிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடையாளத்தையே மாற்றினால், அதைக் குறிப்பிட்டிருக்கும் எல்லா ஆவணமும் அநாதையாகிவிடும். வண்டிப் பலகையில் இருக்கும் டிஎன் 76, மாவட்டம் பிறப்பதற்கு முன்பே தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடாக இருந்தது. அது மாவட்டத்தைக் குறிக்காததால்தான் மாவட்டம் மாறியபோதும் பிழைத்தது.

எட்டு வரியை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. 2015-ல் வழங்கிய ஆவணத்தின் நகலை இன்று அச்சிட்டால் அதில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்க வேண்டும். சாகுபடியைப் பதியும் அடங்கல் என்ற கணக்கு, ஃபசலி என்ற வருவாய் ஆண்டு வாரியாக எழுதப்படுவது. 2019 ஜூலையில் தொடங்கிய ஃபசலி 1429, ஒரு மாவட்டத்தில் தொடங்கி இன்னொரு மாவட்டத்தில் முடிந்தது. செங்கோட்டைக்கு வந்தால் 1956 நவம்பர் 1-க்கு முன் அது இந்த மாநிலத்திலேயே இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆகவே ‘இந்த வட்டம் இந்த மாவட்டத்தில்’ என்று மட்டும் எழுதுவது போதாது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்ற இரண்டு தேதிகளும் வேண்டும். மாணவர்களுக்குக் கற்றுத்தரும் அட்டவணைகளில் இந்த இரண்டு தேதிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே தெரிகிறது. அரசுத் தரவுக்கு ஆயுள் அதிகம். அதைக் கையாளும் மென்பொருள் பத்து ஆண்டுகளில் ஓய்வுபெற்றுவிடும்.

1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் யூடிஆர் என்றே சொல்வார்கள். அதில் பல இடங்களில் உட்பிரிவுகளும் பட்டா எண்களும் மாறின. பழைய பத்திரத்தில் இருக்கும் எண்ணுக்கு இன்றைய எண் எது என்று தேடி அலைபவர்களை எந்த வட்ட அலுவலகத்திலும் பார்க்கலாம். மண் அதே மண்தான். அதன் அடையாளமாக நாம் வைத்த மதிப்பு மட்டும் மாறிவிட்டது. ஆட்களின் விஷயத்திலும் இப்படித்தான். குலதெய்வத்தின் பெயரை வைக்கும் இந்தப் பகுதியில் ஒரே ஊரில் மாடசாமி மகன் இசக்கிமுத்து என்று இரண்டு பேர் இருப்பது சாதாரணம். எல்லா விவரமும் ஒத்திருந்தாலும் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஆப்ஜெக்ட் தரவுத்தளங்கள் இந்த இடத்தில்தான் வலுவாகப் பேசத் தொடங்கின. ஜாவா, சி++, ஸ்மால்டாக் போன்ற மொழிகளில் ஓர் ஆப்ஜெக்ட்டுக்கு அதன் விவரங்களைச் சாராத தனி அடையாளம் உண்டு. எல்லா விவரமும் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஆப்ஜெக்ட்கள் இரண்டுதான். எல்லா விவரமும் மாறினாலும் ஓர் ஆப்ஜெக்ட் அதேதான். இந்த அடையாளத்தை வட்டிலும் அப்படியே காப்பாற்றினால் என்ன என்று 1980களில் பலர் கேட்டார்கள். ஜார்ஜ் கோப்லண்டும் டேவிட் மேயரும் 1984-ல் ஸ்மால்டாக்கைத் தரவுத்தளமாக்குவது பற்றி எழுதினார்கள். ஜெம்ஸ்டோன் அந்த வழியில் வந்தது. பிரான்சில் ஓ2, அமெரிக்காவில் ஒரியன், ஆப்ஜெக்ட்ஸ்டோர், வெர்சன்ட், ஆப்ஜெக்டிவிட்டி என்று அடுத்தடுத்து வந்தன.

அவற்றின் பலத்தைக் காண, பட்டாவை விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போக வேண்டும். குற்றாலம் பேரருவியில் விழுவது சிற்றாறு. மலையில் தேனருவி, செண்பகாதேவி வழியாக இறங்கி, பேரருவியில் விழுந்து, தென்காசியைக் கடந்து, ஐந்தருவிப் பக்கத்திலிருந்து வரும் ஓடை, அழுதகண்ணியாறு, அனுமாநதி முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியெல்லாம் அணைக்கட்டுகள். ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்தும் ஒரு கால்வாய் பிரியும். கால்வாய் ஒரு குளத்தை நிரப்பும். அந்தக் குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த குளம். மலையில் சாரல் விழுந்தால் கார் சாகுபடிக்கும், வடகிழக்குப் பருவமழை பெய்தால் பிசானத்துக்கும் இந்தச் சங்கிலிதான் தண்ணீர் கொண்டுபோகிறது. மானூர் பெரியகுளம் போலத் தொலைவில் இருக்கும் குளங்களுக்கு நீர் எட்டுமா என்பது மேலே எத்தனை குளங்கள் நிரம்பின என்பதைப் பொறுத்தது.

இதை ஆப்ஜெக்ட்களாக எழுதிப் பாருங்கள். நீர்நிலை என்று ஒரு பொது வகுப்பு. அணைக்கட்டு, கால்வாய், குளம் மூன்றும் அதிலிருந்து பிறக்கும். ‘இவ்வளவு நீர் வந்தது’ என்று எதனிடம் சொன்னாலும் அது தன் இயல்புப்படி நடந்துகொள்ளும். அணைக்கட்டு தேக்கிவைக்காமல் ஒரு பங்கைக் கால்வாய்க்கும் மீதியை ஆற்றுக்கும் தரும். கால்வாய் கொஞ்சத்தை மண்ணில் இழந்து மீதியை முன்னே தள்ளும். குளம் கொள்ளளவு வரை வாங்கிக்கொண்டு, மடை வழியாக வயலுக்கு விடும். மிஞ்சியதை மறுகாலில் அனுப்பும். ஒவ்வொன்றிடமும் அடுத்தது எது என்ற நேரடிச் சுட்டி இருக்கும். தரவும் அதன் நடத்தையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. பொதுப்பணித் துறையின் பழைய மடைக்காவலர் ஒருவரிடம் இந்த வகுப்புப் படத்தைக் காட்டி விளக்கினால், இது எங்கள் குளம்தான் என்பார்.

இதையே அட்டவணைகளில் வைத்தால் ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் போக ஒரு ஜாயின். அடுத்ததுக்கு இன்னொன்று. எத்தனை குளம் தாண்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாது. 1992-ல் வந்த எஸ்க்யூஎல் தரத்தில், எத்தனை படி என்று தெரியாத பயணத்தை ஒரே கேள்வியாக எழுதவே முடியாது. ஆப்ஜெக்ட் தரவுத்தளத்திலோ சுட்டியைப் பின்தொடர்வது மட்டும்தான் வேலை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வட்டில் இருக்கும் ஆப்ஜெக்ட்டை நினைவகத்துக்குக் கொண்டுவரும்போது அதன் வட்டு அடையாளத்தை நினைவக முகவரியாக மாற்றிவிடுவார்கள். முதல் முறை மட்டும் செலவு. அதன்பின் ஒரு குளத்திலிருந்து அடுத்ததுக்குப் போவது, புரோகிராமில் ஒரு மாறியைத் தொடுவதற்கு ஆகும் நேரம்தான்.

எவ்வளவு வேறுபாடு என்பதை 1992-ல் ரிக் கட்டெலும் ஜே. ஸ்கீனும் அளந்து வெளியிட்டார்கள். 20,000 உதிரிபாகங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று வேறு பாகங்களுக்கு இணைப்பு. ஒரு பாகத்தில் தொடங்கி ஏழு படி ஆழம் போக வேண்டும். ஒன்று, மூன்று, ஒன்பது என்று பெருகி மொத்தம் 3,280 தொடுகைகள். தரவு நினைவகத்துக்கு ஏறிய பிறகு இந்தப் பயணத்தில் ஆப்ஜெக்ட் அமைப்புகள், ரிலேஷனல் என்று சொல்லப்படும் அட்டவணை அமைப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஓடின. விமானம், சிப், கட்டடம் ஆகியவற்றை வடிவமைக்கும் மென்பொருள்களுக்கு இப்படிப்பட்ட பயணம்தான் அன்றாட வேலை. அவற்றை எழுதியவர்கள் மகிழ்ந்ததில் நியாயம் இருந்தது.

1989 டிசம்பரில் கியோட்டோவில் நடந்த மாநாட்டில் ஆறு ஆய்வாளர்கள் ஆப்ஜெக்ட் தரவுத்தளத்துக்கு ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டு, 13 கட்டாய இலக்கணங்களை வகுத்தார்கள். மறு ஆண்டு மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் எதிர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆப்ஜெக்ட்டின் நல்ல அம்சங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சுட்டியைப் பிடித்து நடக்கும் பழைய காலத்துக்குத் திரும்பக் கூடாது என்பது அவர்கள் வாதம். 1974-ல் பாக்மனும் காட்டும் ஒரே மேடையில் மோதிய அதே வழக்கு, பதினைந்து ஆண்டு கழித்து மேல்முறையீட்டுக்கு வந்திருந்தது.

யார் பக்கம் நியாயம் என்பதைச் சிற்றாற்றுக் குளங்களை வைத்தே சொல்லிவிடலாம். நீர்ப்பாசனப் பொறியாளருக்கு மேலே சொன்ன புரோகிராம் அருமையாக வேலை செய்கிறது. ஒருநாள் வேளாண்மைத் துறையிலிருந்து ஒருவர் வந்து கேட்கிறார்: ‘இந்தப் பிசானத்தில் ஒருமுறைகூட மறுகால் பாயாத குளங்களின் ஆயக்கட்டு, ஊராட்சி வாரியாக எவ்வளவு?’ குளத்துக்குத் தன் அடுத்த குளம் தெரியும். ஊராட்சிக்குத் தன் குளங்கள் எவை என்று தெரியாது. அந்தச் சுட்டியை யாரும் வைக்கவில்லை. இப்போது எல்லாக் குளங்களையும் ஒவ்வொன்றாக எழுப்பிக் கேட்க வேண்டும், அல்லது வகுப்பைத் திருத்தி எதிர்த்திசைச் சுட்டி சேர்க்க வேண்டும். வகுப்பைத் திருத்தினால் ஏற்கெனவே வட்டில் உறங்கும் ஆப்ஜெக்ட்கள் பழைய வடிவில் இருக்கும். அவற்றை மாற்றி எழுத வேண்டும். அடுத்து நிலவருவாய்த் துறை வேறு மொழியில் எழுதிய புரோகிராமோடு வரும். சி++ வகுப்புகளாக உறைந்த தரவை அது எப்படிப் படிக்கும்? ‘அ’ பதிவேடு மட்டும் இருந்து சிட்டா இல்லாத கிராமத்தின் நிலைதான் இது.

ஆப்ஜெக்ட் தரவுத்தளங்கள் இதை அறியாமல் இல்லை. ஓடிஎம்ஜி என்ற கூட்டமைப்பு 1993-ல் ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டது. எஸ்க்யூஎல்லைப் போன்ற ஒரு கேள்வி மொழியும் அதில் இருந்தது. நிறுவனங்கள் அதை முழுமையாகப் பின்பற்றவில்லை. 2001-ல் கூட்டமைப்பே கலைந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த பாபார் என்ற துகள் இயற்பியல் சோதனை, ஆப்ஜெக்டிவிட்டியில் நூற்றுக்கணக்கான டெராபைட் தரவைச் சேர்த்து, அன்றைய உலகின் மிகப் பெரிய தரவுத்தளங்களுள் ஒன்றை நடத்தியது. அவர்களும் சில ஆண்டுகளிலேயே நிகழ்வுத் தரவைக் கோப்பு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இதற்கிடையே ரிலேஷனல் பக்கம் சும்மா இருக்கவில்லை. ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ், புதிய தரவு வகைகளை நாமே சேர்க்க இடம் கொடுத்தது. எஸ்க்யூஎல்லின் 1999-ஆம் ஆண்டுத் தரம் ஆப்ஜெக்ட் அம்சங்கள் சிலவற்றைச் சேர்த்ததோடு, படி தெரியாத பயணத்துக்கான மீள்சுழற்சிக் கேள்வியையும் கொண்டுவந்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அது 2009-லும் மைஎஸ்க்யூஎல்லில் 2018-லும் கிடைத்தது.

இன்று குற்றாலத்துக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்து நேரே அந்த நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து புரோகிராமரானவர்களும் அங்கே இருக்கிறார்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் போன்ற மென்பொருளின் உருவாக்கத்தில் இந்த ஊருக்குப் பங்குண்டு. அங்கேயோ வேறெங்கேயோ இந்த வேலையில் சேரும் இளைஞர் முதல் மாதத்திலேயே எதிர்கொள்வது இந்த அத்தியாயத்தின் முரண்பாட்டைத்தான். எழுதும் மொழியில் எல்லாம் ஆப்ஜெக்ட். சேமிக்கும் இடத்தில் பெரும்பாலும் அட்டவணை. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒரு மென்பொருள் அடுக்கு நிற்கிறது. 2001-ல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட் இவற்றுள் புகழ்பெற்றது.

இந்த அடுக்கு உழைப்பை மிச்சப்படுத்துகிறது. கூடவே ஒன்றை மறைக்கிறது. ஒரு திரையில் 50 புகார்களையும் ஒவ்வொன்றின் வாடிக்கையாளர் பெயரையும் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புரோகிராமர் ஆப்ஜெக்ட் உலகின் பழக்கப்படி புகாரை எடுத்து, அதன் வாடிக்கையாளரைத் தொட்டு, பெயரைக் கேட்கிறார். ஒரே வரி, படிக்க அழகாக இருக்கிறது. அடியில் நடப்பது வேறு. புகார்ப் பட்டியலுக்கு ஒரு கேள்வி போகிறது. அதன்பின் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக 50 கேள்விகள் போகின்றன. ஒரே ஜாயினில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 51 முறை தரவுத்தளத்தின் கதவைத் தட்டியாயிற்று. சோதிக்கும்போது மூன்று புகார்கள்தான் இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்லும்போதுதான் வெளியே வரும். தன் ஆப்ஜெக்ட் வரி என்ன எஸ்க்யூஎல்லாக மாறுகிறது என்பதைப் பதிவில் எடுத்துப் படிக்கும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே பழகிவிடுங்கள் என்று இளைஞர்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். வேறு எந்த ஒரு பழக்கமும் இவ்வளவு கற்றுத்தராது.

ஆப்ஜெக்ட் தரவுத்தளங்கள் அழிந்துவிடவில்லை. ஜெம்ஸ்டோன் இன்னும் இருக்கிறது. ஒரு முழு ஆவணத்தை அதன் உள்ளடுக்குகளோடு அப்படியே சேமிக்கும் மோங்கோடிபி 2009-ல் வந்தது. இணைப்புகளையே முதன்மையாக வைக்கும் நியோ4ஜே போன்றவை வேறொரு கிளை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2014-ல் ஜேசன் ஆவணங்களைத் தன் அட்டவணைக்குள்ளேயே தேடத்தக்க வடிவில் ஏற்றுக்கொண்டது. எதை எப்போது எடுப்பது என்று கேட்டால், தரவுக்கு யார் சொந்தக்காரர் என்று பாருங்கள் என்பேன். ஒரே புரோகிராம் மட்டும் தொடும், எப்போதும் ஒரே வழியில் நடக்கும் தரவை ஆப்ஜெக்ட்டாகவோ ஆவணமாகவோ வைக்கலாம். பல துறைகள் பல ஆண்டுகளுக்குப் பல கேள்விகள் கேட்கப்போகும் தரவை அட்டவணையில்தான் வைக்க வேண்டும். நிலக் கணக்கைப் பற்றி எனக்கு இதில் இம்மியும் ஐயமில்லை.

சிற்றாற்றுக் குளங்களுக்கு நான் இரண்டையும் கலப்பேன். குளம், கால்வாய், அணைக்கட்டு, எது எதற்கு நீர் தருகிறது என்ற விவரம் எல்லாம் அட்டவணையில் தேதிகளோடு இருக்கட்டும். பருவம் தொடங்கும்போது அவற்றை ஒருமுறை படித்து நினைவகத்தில் ஆப்ஜெக்ட்களாகக் கட்டிக்கொண்டு, மழையளவைக் கொடுத்து மறுகாலிலிருந்து மறுகாலுக்கு ஓட்டிப் பார்க்கலாம். எந்தக் குளம் எந்த நாளில் பெருகியது என்ற முடிவை மட்டும் திரும்ப அட்டவணையில் எழுதினால் வேளாண்மைத் துறை கேட்ட கேள்விக்கு ஒரு ஜாயினில் விடை வந்துவிடும். மீள்சுழற்சிக் கேள்வியால் சங்கிலியை நேராகத் தேடும்போது மட்டும் ஒன்றில் கவனம் தேவை. தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். தட்டச்சு செய்பவரின் கை அப்படியல்ல. கீழ்க்குளத்தின் மறுகால் மேல்குளத்துக்குப் போவதாக ஒரு வரி தவறாக ஏறிவிட்டால் கேள்வி அந்த இரண்டு குளங்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். 2021-ல் வந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 14-ஆம் பதிப்பில், ஏற்கெனவே கடந்த வரியை மறுபடி கண்டால் அந்த வழியில் நின்றுவிடும் வசதி சேர்க்கப்பட்டது. அதோடு ஒவ்வொரு குளத்தின் தரைமட்ட உயரத்தையும் அட்டவணையில் ஒரு பத்தியாக வைத்துவிட்டு, உயரம் குறைவான குளத்திலிருந்து அதிகமான குளத்துக்கு மறுகால் எழுதும் வரியைச் சேர்க்கும்போதே மறுத்துவிடும்படி அமைத்துவிடலாம்.